மூக்கை மட்டும் நீட்டும் பேனா

வணக்கம். இங்க் பேனாவில் எழுதிப் பழகியவர்களுக்குச் சட்டைப் பையில் ஒரு நீலக்கறையாவது ஞாபகம் இருக்கும். சீனத்து ஹீரோ பேனாவும் இருக்கும். தங்க நிற மூடி, எட்டிப் பார்க்கும் நிப்பு நுனி. நான் பத்தாவது படிக்கையில் சிங்கப்பூரிலிருந்து வந்த மாமா ஒன்று கொடுத்தார். வகுப்பில் மூடியைக் கழற்றினால் போதும், பக்கத்திலிருப்பவன், "டேய், ஒரே ஒரு வரி எழுதிட்டுத் தர்றேன்டா" என்பான். தரமாட்டேன். கை மாறினால் நிப்பு கெட்டுவிடும் என்று பயம். வீட்டில் அப்பா கேட்டபோதும் தரவில்லை, அடி வாங்கினேன், அது வேறு கதை.

அந்த அழகுக்கு மூலம் எது என்பது பிற்பாடுதான் தெரிந்தது. அமெரிக்காவில் 1941-இல் கடைக்கு வந்த பார்க்கர் 51. விலை பன்னிரண்டரை டாலர், அந்தக் காலத்துக்குப் பெரிய தொகை. தந்திப் பள்ளி ஆசிரியராக இருந்த ஜார்ஜ் பார்க்கர், மாணவர்களுக்கு விற்ற பேனாக்கள் ஒழுகி ஒழுகி, அவற்றைச் சரிசெய்தே அலுத்துப்போய், 1888-இல் தொடங்கிய நிறுவனம். அதன் 51-ஆம் ஆண்டில் இந்தப் பேனா உருவானது, பெயரும் அதுவே ஆனது.

நிப்பை ஏன் மூடினார்கள்? ஸ்டைலுக்கு என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். இல்லை, மைக்காக. எழுதிய கையோடு காகிதத்தில் காய்ந்துவிடும் மை ஒன்றை அவர்கள் தயாரித்தார்கள். காகிதத்தில் சீக்கிரம் காய்கிற மை நிப்பிலும் சீக்கிரம் காயுமே! அதனால்தான் 14 கேரட் தங்க நிப்பைக் குழாய் மாதிரி சுருட்டி, கூட்டுக்குள் நுழைத்து, மூக்கை மட்டும் வெளியே விட்டார்கள். அந்த மை சாதாரணப் பேனாவின் செல்லுலாய்டை அரித்தது. ஆகவே உடம்பை லூசைட்டில் செய்தார்கள். போர் விமானங்களின் கண்ணாடிக் கூண்டுக்குப் போன அதே வகை பிளாஸ்டிக். திரும்பவும் சொல்கிறேன், மை முதலில், உருவம் பிறகு.

இன்னொன்று. மை குறைந்த பிறகுதானே பேனா கக்கும்? கைச்சூட்டில் உள்ளே காற்று உப்பி மையைத் தள்ளும். 51-இன் கூட்டுக்குள், சீப்புப் பற்கள் மாதிரி மெல்லிசாக வரிவரியாக வெட்டிய ஒரு கட்டை இருக்கிறது. மிஞ்சுகிற மை அந்த இடுக்குகளில் தங்கிக்கொள்ளும். நான் ஒரு பழைய 51-ஐப் பிரித்துக் கழுவியபோது அதிலிருந்து அரைமணி நேரம் நீலம் வந்துகொண்டே இருந்தது. சட்டையைக் காப்பாற்றியது அந்தக் கட்டைதான்!

ஒலிப்பதிவு அறைக் கண்ணாடிக்கு அந்தப் பக்கம், நேரம் முடிகிறது என்று விரல் காட்டுகிறார்கள். சரி, வேகமாக. 1945 மே 7, ஜெர்மனி சரணடைந்ததும் நேசநாட்டுப் படைத் தளபதி ஐசனோவர் இரண்டு பேனாக்களை வெற்றிச் சின்னமான 'V' மாதிரி விரித்துப் பிடித்த படம் இருக்கிறதே, அவை பார்க்கர்கள். அப்புறம் 1948-இல் மை நிரப்பும் முறை மாறியது. பின்பக்கத்தைக் கழற்றி, தகட்டை அமுக்கி அமுக்கி விட்டால் மை ஏறும். ஹீரோவிலும் நாம் அமுக்கியது அதைத்தான். வணக்கம்.