தவறான விடைக்கும் ஒரு காரணம் வேண்டும்

நேயர்களுக்கு வணக்கம்.

ஐடிஐ ஃபிட்டர் பிரிவுக்குத் தேர்வு வைக்கும்போது, 'வெர்னியர் காலிப்பரின் மீச்சிற்றளவு, அதாவது அதால் அளக்கக்கூடிய மிகச் சிறிய அளவு, எவ்வளவு?' என்று கேட்பது சுலபம். 0.02 மி.மீ. என்று மனப்பாடம் செய்தவர் மதிப்பெண் வாங்கிவிடுவார். காலிப்பரைக் கையில் கொடுத்தால் அளவு எடுப்பாரா என்பது மட்டும் தெரியாது.

அதையே நான்கு விடைகளில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கும் வினாவாக இப்படிக் கேளுங்கள். நகரும் வெர்னியர் கோலின் 50 பிரிவுகள், நிலையான முதன்மைக்கோலில் 49 மி.மீ.க்குச் சமம். முதன்மைக்கோல் 24 மி.மீ. காட்டுகிறது, வெர்னியரின் 17ஆவது கோடு பொருந்துகிறது, சுழிப்பிழை (தாடைகள் மூடியிருக்கும்போதே கருவி காட்டும் அளவு) +0.04 மி.மீ. சரியான அளவு என்ன? 17ஐ 0.02ஆல் பெருக்கினால் 0.34. அதோடு 24ஐக் கூட்டி, சுழிப்பிழையைக் கழித்தால் 24.30.

மற்ற மூன்று விடைகளையும் வாய்க்கு வந்தபடி போடாதீர்கள். 24.34 என்று குறிப்பவர் சுழிப்பிழையை மறந்தவர். 24.38 என்பவர் கழிக்க வேண்டியதைக் கூட்டியவர். 24.13 என்பவர் மைக்ரோமீட்டரின் மீச்சிற்றளவான 0.01ஐ இங்கே போட்டுப் பெருக்கியவர். யாருக்கு எதைத் திரும்பச் சொல்லித்தர வேண்டும் என்பது விடைத்தாளிலேயே தெரிந்துவிடும். வினா எழுதுவதில் பாதி உழைப்பு இந்தத் தவறான விடைகளுக்குத்தான் போக வேண்டும் என்பேன். 'மேற்கண்ட அனைத்தும்' என்பதை விட்டுவிடுங்கள். இரண்டு சரி என்று தெரிந்தாலே மாணவர் அதைக் குறித்துவிடுவார்.

தேர்வு முடிந்தபின் வினாவையும் திருத்த வேண்டும். 40 பேர் எழுதினார்கள் என்றால் மொத்த மதிப்பெண்ணில் முதல் 11 பேர், கடைசி 11 பேர் தாள்களைத் தனியே எடுங்கள். சுமார் 27 சதவீதம் என்பது வழக்கமான கணக்கு. மேலே 9 பேர், கீழே 4 பேர் சரியாக எழுதியிருந்தால், 13ஐ 22ஆல் வகுத்து 0.59. இது எளிமை அளவு. 9க்கும் 4க்கும் உள்ள வித்தியாசம் 5, அதை 11ஆல் வகுத்தால் 0.45. இது பிரித்தறியும் திறன், அதாவது நன்றாகப் படித்தவரையும் படிக்காதவரையும் வினா எவ்வளவு பிரித்துக் காட்டுகிறது என்பது. 0.30க்கு மேல் இருந்தால் வினாவை வைத்துக்கொள்ளலாம். இந்த எண் கழித்தல் குறியோடு வந்தால், மாணவரைக் குறை சொல்லுமுன் விடைக்குறிப்பைப் பாருங்கள். பெரும்பாலும் அதில்தான் பிழை இருக்கும், அல்லது வினாவுக்கு இரண்டு பொருள் இருக்கும். யாருமே தொடாத தவறான விடையை மாற்றுங்கள். ஆனால் 20 பேர் வகுப்பில் ஒருவர் மாறினாலும் இந்த எண்கள் ஆடும். இரண்டு மூன்று வகுப்புகளின் கணக்கைச் சேர்த்துப் பார்ப்பது நல்லது.

செய்முறைத் தேர்வில் 'நேர்த்தி, 10 மதிப்பெண்' என்று எழுதினால் ஒருவர் 8 போடுவார், இன்னொருவர் 4 போடுவார். அதைப் பிரித்து எழுதுங்கள். 48 மி.மீ. பக்கம் ±0.04க்குள் இருந்தால் 4. மூலைமட்டம் வைத்து வெளிச்சத்தில் பிடிக்கும்போது இடுக்கில் ஒளி தெரியாவிட்டால் 3. விளிம்பில் பிசிறு இல்லையென்றால் 1. பிடி கழன்ற அரத்தைப் பயன்படுத்தாமல் இருந்தால் 2. கடைசியாகச் சொன்னதை வேலை நடக்கும்போதே பார்த்துக் குறிக்க வேண்டும், முடிந்த இரும்புத்துண்டில் அது தெரியாது. பிறகு அதே துண்டுகளில் ஐந்தை இன்னொரு பயிற்றுநரிடம் கொடுத்து, உங்கள் மதிப்பெண்ணைக் காட்டாமல் அளக்கச் சொல்லுங்கள். எந்த வரியில் இருவரும் வேறுபடுகிறீர்களோ, அந்த வரியை அடுத்த தேர்வுக்கு முன் மாற்றி எழுதுங்கள்.