பாயான் லெப்பாஸின் சிறு நிறுவனத்தில் திருடனுக்கு என்ன வேலை?

[திரை: பினாங்குப் பாலத்தின் காலை நேரப் போக்குவரத்து. பிறகு பாயான் லெப்பாஸ் தொழிற்பேட்டை.]

வணக்கம். பத்துப் பதினைந்து பேரை வைத்து இங்கே, மலேசியாவின் பினாங்கில், மென்பொருள் நிறுவனம் நடத்தும் நம்மவர்களிடம் இணையப் பாதுகாப்பு என்று பேச்செடுத்தால் பெரும்பாலும் ஒரே பதில்தான் வரும்: "எங்களிடம் திருட என்ன இருக்கிறது தம்பி? திருடன் பெரிய ஆலைக்குத்தானே போவான்?"

பெரிய ஆலைக்குத்தான் போவான், ஐயமில்லை. எந்த வழியாகப் போவான் என்று இந்த வீடியோவில் பார்ப்போம்.

சிப் தயாரிக்கும் இண்டெல் 1972-இல் இங்கே ஆலை தொடங்கிய காலத்திலிருந்தே ஒவ்வொரு பெரிய ஆலையையும் நம்பிச் சிறு நிறுவனங்கள் வளர்ந்தன. ஒருவர் சோதனைக் கருவியைப் பராமரிக்கிறார். இன்னொருவர் கேமரா பொருத்துகிறார், மற்றொருவர் சம்பளக் கணக்கு மென்பொருள் தருகிறார். இவர்களில் பலருக்கு ஆலையின் நெட்வொர்க்கிற்குள் நுழைய ஏதோ ஒரு வகையில் அனுமதி உண்டு. திருடன் தேடுவது அந்த அனுமதியைத்தான்.

[திரை: சிப் ஆலையின் உட்புறம். எழுத்து: தைவான், ஆகஸ்ட் 2018.]

திருடனே இல்லாமலும் இப்படி வெளியிலிருந்து கேடு நுழையும். உலகின் மிகப் பெரிய சிப் உற்பத்தி நிறுவனமான டிஎஸ்எம்சியின் ஆலைகளில் 2018 ஆகஸ்ட் 3 அன்று இயந்திரங்கள் முடங்கின. புதிதாக வந்த ஒரு கருவியை வைரஸ் சோதனை செய்யாமல் நெட்வொர்க்கில் இணைத்துவிட்டார்கள். உள்ளே இருந்தது வன்னாகிரை வைரஸின் ஒரு வகை. அந்த வைரஸ் நுழையும் விண்டோஸ் ஓட்டையை அடைக்கும் திருத்தத்தை மைக்ரோசாஃப்ட் 2017 மார்ச் மாதமே வெளியிட்டிருந்தது. அந்தக் காலாண்டு வருவாயில் சுமார் 3 விழுக்காடு அடிபடும் என்று நிறுவனமே அறிவிக்க வேண்டியதாயிற்று. பாயான் லெப்பாஸில் மடிக்கணினியைத் தோளில் மாட்டிக்கொண்டு கருவி பழுதுபார்க்கப் போகும் எந்தப் பொறியாளருக்கும் இந்தக் கதை நன்றாகப் புரியும்.

[திரை: ஒரு புள்ளியிலிருந்து அறுபது கோடுகள், அவற்றிலிருந்து நூற்றுக்கணக்கான கோடுகள்.]

இனி திருடன் திட்டமிட்டு வந்த கதை. வாடிக்கையாளர்களின் கணினிகளைத் தொலைவிலிருந்தே பராமரிக்கும் சேவை நிறுவனங்கள் பயன்படுத்திய மென்பொருள் ஒன்றை உருவாக்கியது அமெரிக்காவின் கசேயா. 2021 ஜூலை 2 அன்று அந்த மென்பொருளின் ஓட்டை வழியாக கணினிகளைப் பூட்டிப் பணம் பறிக்கும் ஆர்ஈவில் கும்பல் நுழைந்தது. நேரடியாகப் பாதிக்கப்பட்ட கசேயாவின் வாடிக்கையாளர்கள் அறுபதுக்குள்தான். அவர்கள் பராமரித்துவந்த நிறுவனங்களையும் சேர்த்தால் கணக்கு 1,500 வரை போயிற்று. சுவீடனில் கூப் பேரங்காடிகள் நூற்றுக்கணக்கில் கதவடைத்தன, பணம் வாங்கும் இயந்திரங்கள் ஓடாததால். இத்தனைக்கும் கூப் கசேயாவின் நேரடி வாடிக்கையாளரே அல்ல.

அது நடந்த நாளையும் கவனியுங்கள். அமெரிக்கச் சுதந்திர தின நீள் விடுமுறைக்கு முந்தைய வெள்ளிக்கிழமை. நம் ஊரில் தைப்பூசத்துக்கு அலுவலகமே தண்ணீர்மலையில் இருக்கும்போது உங்கள் சர்வரை யார் பார்க்கிறார்கள்?

[திரை: வீட்டுக் கணினி. உலாவியில் "கடவுச்சொல்லைச் சேமிக்கவா?" என்ற கேள்வி.]

அனுமதி எப்படித் திருடு போகிறது? மேதாவித்தனம் எதுவும் தேவையில்லை. ஊழியர் ஒருவர் வீட்டுக் கணினியில் அலுவலகக் கணக்கைத் திறக்கிறார். அதே கணினியில் மகன் இலவசமாகக் கிடைத்த விளையாட்டின் திருட்டு நகல் ஒன்றை இறக்குகிறான். கூடவே வந்த திருட்டு நிரல், உலாவியில் சேமித்த கடவுச்சொற்களை மொத்தமாக வாரிக்கொண்டு போய்விடும். 'உள்ளே நுழைந்தாகிவிட்டது' என்பதற்கு அடையாளமான குக்கிகளையும் சேர்த்தே எடுக்கும். பொருட்காட்சியில் சீட்டு வாங்கியதும் கையில் குத்தும் முத்திரை போன்றது குக்கி. அது கையில் இருந்தால் வாசலில் மறுபடி சீட்டு கேட்க மாட்டார்கள்.

2024-இல் ஸ்னோஃபிளேக் என்ற இணையவழித் தரவுக் கிடங்கில் கணக்கு வைத்திருந்த சுமார் 165 நிறுவனங்கள் இப்படித்தான் ஆபத்துக்கு உள்ளாயின. ஆராய்ந்த மாண்டியன்ட் என்ற பாதுகாப்பு நிறுவனம், ஸ்னோஃபிளேக்கின் சொந்த அமைப்பு உடைக்கப்படவில்லை என்றது. திருடு போனவை வாடிக்கையாளர்களின் கடவுச்சொற்கள், அவற்றில் சில 2020-லேயே களவாடப்பட்டவை. யாரும் மாற்றவில்லை. உடைக்கப்பட்ட கணக்குகளில் இரண்டாவது சரிபார்ப்பும் இல்லை. நான்கு வருடம் ஒரே கடவுச்சொல்! ஆகவே வாடிக்கையாளரின் நெட்வொர்க்கைத் தொடும் கணக்கு எதுவானாலும் இரண்டாவது சரிபார்ப்பு கட்டாயம். குறுஞ்செய்தியில் வரும் எண்ணைவிடச் செயலியோ, கடவுச்சொல்லுக்குப் பதிலாகக் கைப்பேசியோ கணினியோ உங்களை அடையாளம் காட்டும் பாஸ்கீயோ மேல். வேலையை விட்டுப் போனவரின் கணக்கை அன்றைக்கே மூடிவிடுங்கள், விருந்து வைத்து வழியனுப்புவது பிறகு.

[திரை: மலேசிய அடையாள அட்டையான மைகார்டின் மாதிரிப் படம். எண்கள் மறைக்கப்பட்டுள்ளன.]

யாரும் ஒப்புக்கொள்ளாத ஒரு பழக்கம் நம் தொழிலில் இருக்கிறது. மென்பொருளில் பிழை வந்தால் வாடிக்கையாளரின் உண்மையான தரவுத்தளத்தையே நகலெடுத்து மடிக்கணினியில் வைத்துச் சோதிப்போம். பிழை தீர்ந்துவிடும், நகல் அங்கேயே கிடக்கும். அதில் ஆயிரக்கணக்கானவர்களின் பெயர், சம்பளம், அடையாள அட்டை எண் எல்லாம் இருக்கும். கடவுச்சொல் கசிந்தால் மாற்றிக்கொள்ளலாம். பிறந்த தேதியையும் பிறந்த மாநிலத்தையும் சுமந்திருக்கும் அந்த 12 இலக்கங்களை எப்படி மாற்றுவது? 2017-இல் வெளிச்சத்துக்கு வந்த மலேசியக் கசிவில் 4.62 கோடி கைப்பேசி எண்களின் விவரங்கள் இருந்தன. அது நாட்டின் மக்கள்தொகையைவிட அதிகம். அதிலிருந்த அடையாள அட்டை எண்கள் இன்றும் அதே ஆட்களுடையவைதான். சோதனைக்குப் போலித் தரவை உருவாக்க அரை நாள் ஆகலாம். அந்த அரை நாளைச் செலவிடுங்கள்.

[திரை: எழுத்து: 72 மணி நேரம்.]

சட்டத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 2010-ஆம் ஆண்டின் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் திருத்தப்பட்டு 2025-இல் கட்டம் கட்டமாக நடைமுறைக்கு வந்தது. தரவுப் பாதுகாப்புக் கொள்கையை மீறினால் அபராதம் 10 லட்சம் ரிங்கிட் வரை, சிறை மூன்று ஆண்டு வரை. 2025 ஜூன் 1 முதல், கணிசமான தீங்கு விளைவிக்கக்கூடிய கசிவை, அல்லது ஆயிரம் பேருக்கு மேல் பாதிக்கும் கசிவை, 72 மணி நேரத்துக்குள் ஆணையருக்குத் தெரிவிக்க வேண்டும். தெரிவிக்காவிட்டால் அபராதம் இரண்டரை லட்சம் ரிங்கிட் வரை, சிறை இரண்டாண்டு வரை.

சிறு நிறுவனத்தாருக்கு முக்கியமானது வேறொன்று. பிறருக்காகத் தரவைக் கையாளும் நிறுவனத்துக்கும் பாதுகாப்புக் கடமை இப்போது நேரடியாக உண்டு. "நாங்கள் சேவை மட்டும்தான் தருகிறோம், தரவு அவர்களுடையது" என்ற பழைய சாக்கு இனிச் செல்லாது. இன்னொன்று: திருடனைப் போலவே நுழைய முயன்று ஓட்டைகளைக் கண்டுபிடிக்கும் ஊடுருவல் சோதனை செய்து தருகிறேன் என்று வருபவரிடம், 2024-இல் நடைமுறைக்கு வந்த இணையப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் உரிமம் இருக்கிறதா என்று கேளுங்கள். கூச்சப்பட இதில் ஒன்றுமில்லை.

[திரை: வினாப் பட்டியல். எல்லாக் கட்டங்களிலும் 'ஆம்'.]

கடைசியாக, ஒப்பந்தத்தைப் புதுப்பிக்கும்போது பெரிய ஆலைகள் அனுப்பும் பாதுகாப்பு வினாப் பட்டியல். அது வந்ததும் கணக்குப் பிரிவு அக்காவிடம் போகும். அவரும் பாவம், எல்லாவற்றுக்கும் 'ஆம்' என்று குறித்து மாலைக்குள் அனுப்பிவிடுவார். நாளை கசிவு ஏதும் நேர்ந்தால் வழக்கறிஞர்கள் முதலில் கையில் எடுப்பது அந்தத் தாளைத்தான். ஆகவே அதைப் பொறியாளரிடம் கொடுங்கள். செய்யாததற்கு 'இல்லை' என்று எழுதி, எந்த மாதத்துக்குள் செய்து முடிப்பீர்கள் என்பதையும் பக்கத்தில் குறிப்பிடுங்கள்.

அந்தப் பட்டியலில் பலரும் தடுமாறும் இடம் காப்பு நகல் பற்றிய கேள்விகள். நெட்வொர்க்கோடு இணைந்தே இருக்கும் நகலை, கோப்புகளைப் பூட்டிப் பணம் கேட்கும் ரான்சம்வேர் எப்படிப் பூட்டுகிறது என்பதை அடுத்த வீடியோவில் செய்தே காட்டுகிறேன்.

[திரை: நிறைவு.]