இரங்கலும் இருத்தலும்

அன்பிற்குரிய பங்கு மக்களே, பக்கத்து ஊர்களிலிருந்து வந்திருக்கும் பெரியோர்களே, இளையோரே, உங்கள் அனைவருக்கும் என் வணக்கம்.

"கிறிஸ்து பிறப்பு விழாவில் பிறருக்கு நம்பிக்கை அளித்தல்" என்ற தலைப்பில் பேச வேண்டும் என்று விழாக் குழுவினர் கேட்டுக்கொண்டார்கள். தலைப்பில் இருக்கும் 'அளித்தல்' என்ற சொல் அன்று முதல் என் மனத்தை உறுத்திக்கொண்டே இருக்கிறது. அரிசி அளிக்கலாம், வேட்டி சேலை அளிக்கலாம். நம்பிக்கையை ஒருவர் கையிலிருந்து எடுத்து இன்னொருவர் கையில் வைத்துவிட முடியுமா? பாம்பன் பக்கத்து இந்தக் கரையில் பிறந்து, இங்கேயே ஆசிரியராக வேலை பார்த்து ஓய்வு பெற்ற நான், அப்படி யாரும் யாருக்கும் கொடுத்துப் பார்த்ததில்லை. ஆனாலும், நம்பிக்கை அற்றுப்போன வீட்டில் அது மறுபடி துளிர்த்ததை என் கண்ணால் கண்டிருக்கிறேன். அது எப்படி நிகழ்ந்தது என்பதைத்தான் இந்த மாலையில் உங்களிடம் சொல்ல விரும்புகிறேன்.

முதலில் சொல்லைப் பார்ப்போம். பவுலடியார் கொரிந்தியருக்கு எழுதிய முதல் திருமுகத்தில் நிலைத்திருப்பவை என்று மூன்றைச் சொல்கிறார். பழைய மொழிபெயர்ப்பில் அவை விசுவாசம், நம்பிக்கை, அன்பு. இன்று நம் திருப்பலியில் வாசிக்கும் பொது மொழிபெயர்ப்பில் அவையே நம்பிக்கை, எதிர்நோக்கு, அன்பு என்று வருகின்றன. முன்பு நம்பிக்கை என்றதை இப்போது எதிர்நோக்கு என்கிறோம். இந்தப் புதிய சொல் இன்னும் வாயில் பழகவில்லை என்று நம் பெரியவர்கள் சிலர் குறைப்பட்டுக்கொள்வதுண்டு. எனக்கோ அது நம் கடற்கரைக்கென்றே தேர்ந்து வைத்த சொல்லாகத் தோன்றுகிறது. படகு திரும்ப வேண்டிய வேளை தாண்டிய பின்னும், நெற்றிக்கு மேல் கையை வைத்துக் கடலையே நோக்கி நிற்கும் பெண்ணைப் பார்க்காமல் வளர்ந்தவர் நம்மில் யார் இருக்கிறோம்? எதிர்நோக்கு என்பதற்கு அகராதி தேட வேண்டிய தேவை நமக்கு இல்லை.

நம் முன்னோர் இந்த நிலத்தை நெய்தல் என்றார்கள். ஐந்து திணைக்கும் உரிப்பொருள் வகுத்தபோது நெய்தலுக்கு இரங்கலையும் காடு சார்ந்த முல்லைக்கு இருத்தலையும் உரியவையாக்கினார்கள். இரண்டு நிலத்திலும் தலைவன் அருகில் இல்லை. இரண்டிலும் தலைவி காத்துத்தான் இருக்கிறாள். கார்காலம் தொடங்கினால் அவன் வந்துவிடுவான் என்று முல்லைத் தலைவி ஆற்றியிருக்கிறாள். நெய்தல் தலைவிக்குச் சொல்லிக்கொள்ள அப்படி ஒரு காலக்குறி இல்லை. அதனால் அவள் இரங்குகிறாள். கடலுக்குப் போனவன் வரும் நாளைக் கணித்துச் சொல்ல எவராலும் இயலாது என்பதை நன்கு அறிந்தவர்களே இப்படி வகுத்திருக்க வேண்டும் என்பது என் எண்ணம்.

பெத்லகேமில் வானதூதர் முதலில் தேடிச் சென்றது, இரவெல்லாம் வயல்வெளியில் கிடை காத்துக்கொண்டிருந்த இடையர்களை; நம் வழக்கில் சொன்னால் முல்லை நில மக்களை. அந்தக் குழந்தை வளர்ந்த பிறகு தம் முதல் சீடர்களைத் தேடிச் சென்றது கலிலேயக் கடற்கரையில் வலை வீசிக்கொண்டிருந்தவர்களை, அதாவது நெய்தல் நில மக்களை. அவருக்கு மத்தேயு நற்செய்தி சூட்டும் பெயர் இம்மானுவேல். அதன் பொருள் 'கடவுள் நம்முடன் இருக்கிறார்' என்பது. இந்த 'இருக்கிறார்' என்ற வினையில் முல்லையின் இருத்தல் முழுவதும் அடங்கியிருப்பதாக எனக்குப் படுகிறது. இரங்குகிறவர்கள் நடுவே ஒருவர் வந்து உடன் இருந்தார்; அதைத்தான் நாம் பிறப்புப் பெருவிழாவாகக் கொண்டாடுகிறோம்.

நம் கரைக்கு இந்த டிசம்பர் மாதம் எப்போதுமே எளிதாக இருந்ததில்லை. வாடை வீசும், வடகடலான பாக் நீரிணை கொந்தளிக்கும், பாம்பன் துறைமுகத்தில் புயல் எச்சரிக்கைக் கூண்டு ஏறும், கடலுக்குப் போக அனுமதிச் சீட்டு கிடைக்காமல் படகுகள் நாள்கணக்கில் நங்கூரத்தில் கிடக்கும். 1964 டிசம்பர் 22ஆம் நாள் இரவில் தனுஷ்கோடியைக் கடல் எடுத்துக்கொண்டது. பாம்பனிலிருந்து சென்ற பயணிகள் ரயில் நூற்றுக்கும் மேற்பட்டவர்களோடு அலையில் போயிற்று. மூன்றாம் நாள் கிறிஸ்து பிறப்பு விழா. இன்று சுற்றுலா வருவோர் நின்று படம் எடுத்துக்கொள்ளும் கூரையற்ற அந்தப் பவளக்கல் கோவிலைக் கடந்து செல்லும் ஒவ்வொரு முறையும், அந்த ஆண்டின் நள்ளிரவுப் பூசை நேரத்தை நினைத்துப் பார்க்கிறேன். 2004இல் பெருவிழாவுக்கு மறுநாள் காலையிலேயே ஆழிப்பேரலை வந்தது. இலங்கைத் தீவு பெருமளவு மறைத்து நின்றதால் நம் கரை தப்பியது. நாகப்பட்டினம் மாவட்டத்தில் மட்டும் 6,000 பேருக்கு மேல் மாண்டார்கள். 2017 நவம்பர் 30ஆம் நாள் ஒக்கி புயல் குமரிக் கரையை அடித்தபோது, அங்குள்ள பல வீடுகளில் விழாவுக்கு முந்தைய திருவருகைக் காலம் முழுவதும் திரும்பி வராதவர்களுக்கான காத்திருப்பாகவே கழிந்தது. விழாவின் மகிழ்ச்சியைக் குலைப்பதற்காக இவற்றைச் சொல்லவில்லை. நற்செய்தி எந்த வாசலுக்குப் போக வேண்டியிருக்கிறது என்பது நமக்குத் தெரிந்திருக்க வேண்டும் அல்லவா?

இனி, நான் செய்த ஒரு தவற்றைச் சொல்ல வேண்டும். ஏறத்தாழ முப்பது ஆண்டுகளுக்கு முன், இதே போன்றதொரு டிசம்பரில், எங்கள் தெருவிலிருந்து வல்லம் என்னும் நாட்டுப் படகு ஒன்றில் மூன்று பேர் வடகடலுக்குப் போய்த் திரும்பவில்லை. தேடிப் போன படகுகள் வெறுங்கையோடு வந்தன. பன்னிரண்டாம் நாள் எங்கள் கேரல் சுற்று. பெட்ரோமாக்ஸ் விளக்கும் மேளமுமாக, தட்டில் பாலன் இயேசுவின் சுரூபத்தை ஏந்திக்கொண்டு நானும் இளையோரும் வீடு வீடாகப் போனோம். காணாமற்போனவர்களில் ஒருவரின் வீடு நெருங்கியதும் மேளத்தை நிறுத்தச் சொன்னேன். பாட்டும் நின்றது. துக்கத்தில் இருக்கிற வீட்டுக்கு முன் ஆரவாரம் கூடாது என்று, செருப்பு மணலில் உரசுகிற ஓசைகூடக் கேட்காதபடி அந்த வாசலைக் கடந்து, நான்கு வீடு தள்ளிப் போய்ப் பாட்டை மறுபடி தொடங்கினோம். மரியாதையாக நடந்துகொண்டோம் என்றே அன்றிரவு நினைத்திருந்தேன்.

இரண்டு நாள் கழித்து அந்தப் பெண்ணைக் குழாயடியில் பார்த்தேன். குடத்தைத் தரையில் வைத்துவிட்டு அவர் கேட்டார்: "பாலன் இயேசு எங்க வீட்டு வாசல்ல மட்டும் நிக்க மாட்டாரா சார்? விளக்குப் போட்டு வச்சிருந்தேனே."

அந்த விளக்கை நான் பார்க்கவே இல்லை. தலையைக் குனிந்துகொண்டு கடந்து போனவன் எப்படிப் பார்த்திருப்பேன்? அவருக்குச் சொல்ல என்னிடம் ஒரு சொல்லும் இல்லை என்கிற அச்சத்தைத்தான் மரியாதை என்று பெயர் சூட்டி நான் மறைத்துக்கொண்டிருந்தேன். துயரம் இருக்கிற வீட்டைச் சுற்றிக்கொண்டு போகும் வழக்கம் நல்லவர்களிடமும் இருக்கிறது. நல்லவர்களிடம்தான் அதிகம் இருக்கிறது என்றுகூடச் சொல்வேன்.

நான் கடந்து சென்ற அந்த வீட்டுக்கு நாள் தவறாமல் போனவர் ஒருவர் உண்டு. தென்கடலான மன்னார் வளைகுடாவில் பாசி எடுக்கப் போகும் மூதாட்டி. அவர் நம் பங்கைச் சேர்ந்தவர் அல்லர்; அவர் கும்பிட்ட சாமி வேறு. பாறை கிழிக்காமல் இருக்க விரல்களில் சுற்றிய துணிச் சுற்றுகளைக்கூட அவிழ்க்காமல், ஈரம் சொட்டச் சொட்டக் கரையிலிருந்து நேரே அங்கு வருவார். ஒரு தூக்குவாளியில் தேத்தண்ணீர் இருக்கும். திண்ணையில் உட்கார்ந்து, பல்லால் ஒவ்வொரு முடிச்சாகக் கடித்து இழுத்து அந்தத் துணிகளை அவிழ்த்துக்கொண்டே, "இன்னைக்கு வாடை கொஞ்சம் அடங்கியிருக்கு ஆத்தா" என்பார். மறுநாள், "இன்னைக்குக் காத்து கூடிருச்சு" என்பார். அவ்வளவுதான் பேச்சு. வந்துவிடுவார் என்று அவர் ஒரு நாளும் சொல்லவில்லை. வரமாட்டார் என்றும் சொல்லவில்லை. காற்று எப்படி இருந்ததோ அப்படியே சொன்னார். தேத்தண்ணீர் குடித்து முடிக்கும்வரை இருந்துவிட்டு, குவளையைக் கழுவி வைத்துவிட்டுப் போவார். அந்தப் பெண் எந்த நாளில் எழுந்து உலை வைத்தார், எந்த நாளில் பிள்ளைகளுக்குத் தலைவாரிப் பள்ளிக்கு அனுப்பினார் என்று எனக்குத் தெரியாது. ஆனால் தைப் பொங்கலுக்குப் பிறகு பள்ளி தொடங்கியபோது, இரண்டு பிள்ளைகளும் எண்ணெய் வைத்த தலையோடு என் வகுப்பில் வந்து உட்கார்ந்தார்கள். அவர்களுடைய தந்தை திரும்பவே இல்லை.

திருத்தூதர் பணிகள் நூலின் இருபத்தேழாம் அதிகாரத்தை நம் கரையில் வாசிப்பதற்கும் மலைநாட்டில் வாசிப்பதற்கும் வேறுபாடு உண்டு. பவுல் ஏறிய கப்பல் புயலில் சிக்குகிறது. பல நாள்களாகக் கதிரவனும் இல்லை, விண்மீனும் இல்லை. பிழைப்போம் என்ற நம்பிக்கை முழுவதும் அற்றுப்போயிற்று என்று லூக்கா எழுதுகிறார். பாறையில் மோதுவோமோ என்று அஞ்சிய மாலுமிகள் 'பின்னணியத்திலிருந்து நாலு நங்கூரங்களைப்போட்டு, பொழுது எப்போது விடியுமோ என்றிருந்தார்கள்' என்கிறது பழைய மொழிபெயர்ப்பு. படகின் முன்தலையை நாம் இன்றும் அணியம் என்கிறோம். நம் தொழிற்சொல் மறைநூலில் ஏறியிருப்பதைச் சிறுவயதில் முதன்முதலாகக் கண்டபோது எனக்கு உண்டான மகிழ்ச்சி இன்னும் மாறவில்லை. பவுலும் வானதூதர் தமக்குச் சொன்னதை அவர்களுக்கு எடுத்துச் சொல்லியிருந்தார். என்றாலும், பதினான்கு நாள் பட்டினி கிடந்த 276 பேரின் மனம் தேறியது எப்போது என்று பாருங்கள். அவர் அப்பத்தை எடுத்து, எல்லார் முன்னிலையிலும் நன்றி கூறி, பிட்டு, தாமே முதலில் உண்ணத் தொடங்கினார். அதைக் கண்டுதான் மற்றவர்களும் உண்டார்கள். கப்பல் உடைந்தே போயிற்று. நீந்தத் தெரிந்தவர் நீந்தியும், தெரியாதவர் பலகைகளைப் பற்றிக்கொண்டும் கரை சேர்ந்தார்கள். அங்கே மழையிலும் குளிரிலும் நடுங்கியவர்களுக்குத் தீ மூட்டிக் கொடுத்தவர்கள் மால்டாத் தீவு மக்கள். அவர்களுக்கு இயேசுவின் பெயர்கூட அப்போது தெரிந்திருக்காது. நம் பாசிக்காரப் பாட்டியை அங்கேயும் நான் காண்கிறேன்.

இந்த மண்ணுக்கே உரிய சான்று ஒன்றும் உண்டு. மண்டபத்துக்கு அருகில் இருக்கும் வேதாளையில் 1549ஆம் ஆண்டு படையெடுப்பு நேர்ந்தபோது, அந்தோனியோ கிரிமினாலி என்ற குருவுக்குக் கப்பலேறித் தப்பிக்க வழி இருந்தது. பெண்களையும் பிள்ளைகளையும் ஏற்றிவிடுவதற்காக அவர் கரையிலேயே நின்றார், அங்கேயே கொல்லப்பட்டார். இயேசு சபையின் முதல் மறைசாட்சி அவரே. ஓரியூரில் 1693இல் தலை வெட்டப்பட்ட புனித அருளானந்தரும், போர்ச்சுகலுக்குச் சென்று, அரசரே தங்கிவிடச் சொன்ன பிறகும் இந்த மறவர் சீமைக்குத் திரும்பி வந்தவர்தாம். இருவரும் ஆற்றிய மறையுரைகளில் நமக்கு நினைவிருப்பது ஒன்றுமில்லை. அவர்கள் நின்ற இடம் நினைவிருக்கிறது.

மண்டபம் முகாமில் கடல் கடந்து வந்த ஈழத்துக் குடும்பங்கள் தலைமுறைகளாக வாழ்கின்றன. ஏரோதுக்கு அஞ்சி இரவோடு இரவாகக் கைக்குழந்தையோடு எகிப்துக்கு ஓடியவர்களின் கதையை அவர்களுக்கு நாம் விளக்க வேண்டியதில்லை. அவர்களிடமிருந்துதான் நாம் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும். ஆண்டுக்கொருமுறை கேக்குப் பொட்டலத்தோடு போய், படம் எடுத்துக்கொண்டு வந்துவிடுவது எனக்கு உடன்பாடான செயல் அன்று. கேக்கைக் கொண்டு போங்கள், பாயில் உட்காருங்கள், அவர்கள் ஊர்ப் பெயரைக் கேளுங்கள், விழா முடிந்த மாதத்திலும் ஒருமுறை போங்கள்.

இலங்கைச் சிறையில் இருப்பவர்களின் வீடுகளும் நம் தெருக்களில் உண்டு. காவல் நீட்டிக்கப்பட்டது என்ற செய்தி ஒவ்வொரு முறையும் வரும்போது அந்த வீட்டில் அடுப்பு எரிகிறதா என்று பார்ப்பது நம் கடமை. காணாமற்போனவரின் குடும்பத்துக்கு இதைவிடக் கடினமான ஒரு பாதை இருக்கிறது. ஏழாண்டு செய்தியில்லாமல் போனால்தான் ஒருவரை இறந்தவராகக் கொள்வது சட்டத்தின் பொதுவிதி. அதுவரை அந்த மனைவி சட்டப்படி கைம்பெண்ணும் அல்லர், வீட்டில் கணவனும் இல்லை. இறப்புச் சான்றிதழ் இல்லாமல் வங்கிக் கணக்கும் உதவித்தொகையும் தடைப்பட்டு நிற்க, அவர் ஒவ்வோர் அலுவலகமாகத் தனியே ஏறி இறங்குகிறார். படித்த இளையோரே, அந்தக் கோப்பைக் கையில் வாங்கிக்கொண்டு உடன் பேருந்தில் ஏறி, மனு எழுதிக் கொடுத்து, வரிசையில் அவரோடு நிற்பதும் இருத்தல்தான். 'எல்லாம் சரியாகிவிடும்' என்று மட்டும் தயவு செய்து சொல்லாதீர்கள். அது நமக்குத் தெரியாத ஒன்று. கடலோரத்தில் வாழ்கிறவர்களுக்கு அது தெரியாதது என்பதும் தெரியும்.

குழாயடியில் என்னிடம் கேள்வி கேட்ட அந்தப் பெண்ணுக்கு இப்போது அறுபது வயது கடந்துவிட்டது. கருவாட்டு வியாபாரம் செய்து பிள்ளைகளைப் படிக்க வைத்தார். பாசிக்காரப் பாட்டி காலமாகிப் பல ஆண்டுகள் ஆகின்றன. சென்ற மாதம், படகோடு பிடிபட்டுப் போன ஒரு தம்பியின் வீட்டுத் திண்ணையில் அவரைக் கண்டேன். பக்கத்தில் தூக்குவாளி இருந்தது. அந்த வீட்டு இளம்பெண்ணிடம், "நேத்தைக்கு இன்னைக்கு வாடை பரவாயில்லை ஆத்தா" என்று சொல்லிக்கொண்டிருந்தார்.

விழாக் குழுவினரிடம் பேசிவிட்டேன், பங்குத்தந்தையும் ஒப்புக்கொண்டார். வழக்கமாகக் கோவில் வாசலில் தொடங்கும் கேரல் சுற்று இந்த ஆண்டு அந்த இளம்பெண்ணின் வாசலில் தொடங்கும். இரவு எட்டு மணிக்கு அங்கே கூடுவோம். மேளம் எடுத்து வாருங்கள். அடிப்பதா வேண்டாமா என்பதை அவரே சொல்லட்டும். பாலன் இயேசுவின் சுரூபத்தை நான் ஏந்தி வருகிறேன்.