தொண்டை கட்டுனா உள்ள எட்டிப் பாக்கணும்

(பென்னாகரம் பக்கத்துல கூத்துக்காரங்க கூட்டத்துல ஒரு காது மூக்கு தொண்டை டாக்டர் பேசுனது)

வாத்தியாருங்களுக்கும் வேஷம் கட்டுற அண்ணன்மாருக்கும் வணக்கம். ராத்திரி கட்டியக்காரன் வந்தா விடியற வரைக்கும் அடித்தொண்டையில பாடுறவங்க நீங்க, மறுநாள் குரல் கம்முனா சுக்கு மிளகு பனங்கற்கண்டுன்னு சமாளிச்சிடுறீங்க, அது ரெண்டு நாளுக்குச் சரி, ஆனா மூணு நாலு வாரம் ஆகியும் குரல் திரும்பலன்னா கசாயமும் வேணாம், மெடிக்கல்ல சொல்லி வாங்குற மாத்திரையும் வேணாம்.

ஏன்னா காதால கேட்டு மட்டும் சொல்ல முடியாதுங்க. கத்திக் கத்தி காய்ச்சுப்போன முடிச்சுக்கும் கரகரப்புதான், புத்துநோய்க்கும் கரகரப்புதான். அதனால டாக்டர் முதல்ல துருவித் துருவி கேப்பாரு, எப்ப ஆரம்பிச்சுது, முழுங்குனா வலிக்குதா, எடை குறையுதா, கழுத்துல கட்டி இருக்கா, தைராய்டு ஆபரேஷன் பண்ணுனீங்களா, பீடி உண்டா, சாராயம் உண்டா. பீடிய மட்டும் மறைக்காதீங்க அண்ணே. அப்புறம் மூச்ச நல்லா இழுத்து 'ஆ'ன்னு ஒரே இழுப்பா இழுக்கச் சொல்லுவாரு, 10 செகண்டுக்குள்ள முறிஞ்சா ஒண்ணு மூச்சு பத்தல, இல்ல தொண்டைக்குள்ள அதிர்ந்து சத்தம் குடுக்குற மடிப்பு, அதான் குரல் நாண், அது ரெண்டும் ஒட்டாம காத்து ஒழுகுது.

அதுக்கப்புறம்தான் உள்ள பாக்குறது. மூக்குல மரத்துப்போற மருந்து போட்டு மெல்லிசா கேமரா டியூப் விடுவாங்க, கொஞ்ச நேர வேலை, பயந்து ஓடாதீங்க. ஆம்பள பேசும்போது நாண் செகண்டுக்கு 100 தடவைக்கு மேல அதிருது, பொம்பளைக்கு 200 கிட்ட, வெறும் கண்ணுக்குப் புடிபடாது, ஸ்ட்ரோப் லைட்ட விட்டு விட்டு மின்ன வச்சா அந்த அலை மெதுவா போற மாதிரி தெரியும், எந்த இடம் விறைச்சு நிக்குதுன்னு கண்டுபுடிச்சிடலாம். ஒரு நாண் அசையவே இல்லன்னா நெஞ்சையும் சேத்து ஸ்கேன் எடுப்பாங்க, தொண்டைக்கு எதுக்கு நெஞ்சுன்னு கோவப்படாதீங்க, இடது பக்க நரம்பு நெஞ்சுக்குள்ள எறங்கி பெரிய ரத்தக்குழாய சுத்திட்டுத்தான் தொண்டைக்கு ஏறுது, அங்க நுரையீரல் கட்டி அமுக்குனாலும் குரல் போகும்.

1854ல தன் குரல் நாண் அசையுறத ரெண்டு கண்ணாடியும் சூரிய வெளிச்சமும் வச்சு பாத்தவரு மானுவல் கார்சியா, டாக்டர் இல்லங்க, பாட்டுச் சொல்லிக்குடுத்த வாத்தியார், உங்க ஆளு.

நாண்ல வர புத்துநோய் சின்னதா இருக்கும்போதே குரல மாத்திடும், அப்பவே வந்தா பெரும்பாலும் குணமாக்கிடலாம். துரியோதனன் வேஷம் கட்டுற ஒரு அண்ணன் எட்டு மாசம் கழிச்சுத்தான் எங்கிட்ட வந்தாரு, அந்தக் குரல காப்பாத்த முடியல, அது இன்னும் எனக்கு ஆறல. இப்ப சாப்பிடும்போது உங்கள்ல மூணு பேரு குரல் கம்மி பேசுறத கேட்டேன், மூணு பேரும் நாளைக்கு காலையில தர்மபுரி ஓபிக்கு வாங்க, நான் இருப்பேன்.