‘இயற்கைக்கு மாறானது’: பாலுறவை அளக்க அது அளவுகோல் ஆகுமா? ‘ஆகாது’ அணியின் உரை

நடுவர் அவர்களே, எதிரணி நண்பர்களே, அவையோரே, வணக்கம்.

தன்பால் உறவு இயற்கைக்கு மாறானது, அதனால் தவறு என்பதற்கு எதிரணித் தலைவர் மூன்று காரணம் சொல்லி அமர்ந்தார். தன்பால் உறவு விலங்குகளிடம் கிடையாது. மனிதரில் பெரும்பாலோருக்கு அந்த நாட்டம் இல்லை. உறுப்புகள் அமைந்தது பிள்ளைப்பேற்றுக்கு. மூன்றிலும் ‘இயற்கை’ என்ற ஒரே சொல், பொருள் மட்டும் மூன்று: நடப்பது, பெரும்பான்மை, நோக்கம். ஒரு பொருள் சரிந்தால் அடுத்ததற்குத் தாவிவிடலாம். தாவ விடாமல் ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

முதலில் விலங்குகள். ஹவாயின் ஓவாஹு தீவில் லேசான் அல்பட்ராஸ் என்ற கடற்பறவை உண்டு. ஒரு பெண் பறவை ஆண்டுக்கு இடுவது ஒரே முட்டை. அடைகாக்க இரண்டு மாதத்துக்கு மேல் ஆகும். ஒன்று கூட்டில் உட்கார, மற்றது கடலுக்கு இரை தேடிப் போகும். தனிப்பறவையால் முடியாத வேலை. அங்கே 31 விழுக்காடு ஜோடிகள் பெண்ணும் பெண்ணும் சேர்ந்தவை என்று 2008இல் வெளியான ஆய்வு காட்டியது. வேறு ஜோடியின் ஆணால் கருவுற்று இருவரும் முட்டையிட்டால், ஒன்றைத்தான் பொரிக்க முடியும். குஞ்சு குறைவுதான்; ஆனால் வளர்கிறது.

ஆண் கிடைக்காததால் அப்படி என்பீர்கள். ஓவாஹுவில் ஆண் பறவைகள் குறைவுதான், ஒப்புக்கொள்கிறேன். செம்மறிக் கிடாக்களைப் பாருங்கள். இணைசேரும் பருவத்தில் இருக்கும் பெண் ஆடுகளையும் கிடாக்களையும் ஒன்றாக நிறுத்திச் சோதித்தபோது, ஏறத்தாழ 8 விழுக்காடு கிடாக்கள் கிடாக்களையே நாடின. ‘கிடையாது’ என்ற பேச்சு நிலைத்ததற்கும் காரணம் உண்டு. 1911-12இல் அண்டார்டிகாவின் கேப் அடேரில் அடேலி பென்குயின்களைக் கவனித்த பிரிட்டிஷ் மருத்துவர் ஜார்ஜ் மரே லெவிக், ஆண் பறவைகள் தமக்குள் கூடியதைக் கிரேக்க எழுத்தில் மறைத்து எழுதினார். தனிச்சுற்றுக்கு மட்டும் அச்சான அந்தப் பகுதி 2012இல்தான் வெளியானது.

இதோடு நான் உட்கார்ந்துவிட்டால் அது நேர்மையாகாது. கூட்டத்தைக் கைப்பற்றும் ஆண் சிங்கம் குட்டிகளைக் கொல்கிறது, அதுவும் இயற்கைதான். விலங்கு நமக்கு அனுமதிச் சீட்டு தருவதில்லை. ‘கிடையாது’ என்ற கூற்றை மட்டும் பொய்யாக்குகிறது, அவ்வளவே.

பெரும்பான்மைக்கு ஒரு வரி போதும்: இடக்கைப் பழக்கம் ஏறத்தாழ பத்தில் ஒருவருக்கு. அது குற்றமா?

கனமான வாதம் நோக்கம்தான். அதைச் செதுக்கியவர்களில் முதன்மையானவர் 13ஆம் நூற்றாண்டின் கிறிஸ்தவ இறையியலாளர் புனித தாமஸ் அக்குவினாஸ். மரியாதையோடுதான் கேட்கிறேன்: அந்த அளவுகோல் எங்கே கொண்டுபோய் விட்டது? பிள்ளைப்பேற்றுக்கு வழிவிடாத எதுவும் இயற்கைக்கு மாறு என்பதால், காமப் பாவங்களில் அதையே ஆகக் கொடியதாக வைத்தார். சுய இன்பமும் அந்த வகைக்குள் வந்தது. வன்புணர்ச்சி அதற்குக் கீழே போனது! ஒருத்தி அழுது தடுத்தும் நடக்கும் கொடுமையை, யாருக்கும் தீங்கில்லாத செயலுக்குக் கீழே இறக்கும் தராசு பழுதான தராசு. அது உறுப்பைப் பார்க்கிறது, ஆளைப் பார்க்கவில்லை.

துறவிக்குப் பிள்ளை இல்லையே என்ற கேள்விக்கும் அவரே பதில் சொன்னார்: உண்பது ஒவ்வொருவருக்கும் கட்டாயம், இனப்பெருக்கம் மனிதகுலம் முழுமைக்குமான கடமை, எல்லோரும் செய்ய வேண்டியதில்லை. அந்தச் சலுகை துறவிக்கு மட்டும் ஏன்?

உடலும் எதிரணிக்குச் சாட்சி சொல்லாது. ஒரு மாதவிடாய்ச் சுழற்சியில் கருத்தரிக்க வாய்ப்புள்ளது ஏறக்குறைய 6 நாள்: முட்டை வெளிப்படும் நாளும் அதற்கு முந்தைய 5 நாளும். முட்டையின் ஆயுள் ஒரு நாளுக்குள். மீதி நாள்களிலும் விருப்பம் வருகிறது, மாதவிடாய் நின்ற பிறகும் வருகிறது. 1968இல் திருத்தந்தை ஆறாம் பவுல் விடுத்த சுற்றுமடல்கூட, கருத்தரிக்காத நாள்களில் தம்பதியர் கூடுவதை ஏற்கிறது. அப்படியானால் அன்பும் நெருக்கமும் அந்த உறுப்புகளின் வேலைதானே?

நம் அகப்பொருள் இலக்கணம் ‘இயற்கைப் புணர்ச்சி’ என்று எதற்குப் பெயர் வைத்தது? கருவுக்கா? பிறர் கூட்டிவைக்காமல் இருவர் மனம் தானாக ஒன்றியதற்கு. இருவரும் வயது வந்தவர்களா, இருவருக்கும் சம்மதமா, யாருக்காவது தீங்கா என்று கேளுங்கள். எந்த உறவுக்கும் அந்தக் கேள்வி பொருந்தும்.

எங்கள் மறைநூல் தடுக்கிறது என்று எதிரணி சொல்லட்டும். அது நேரான வாதம்; அதை நம்புகிறவர் அதன்படி வாழட்டும். ஆனால் நம்பிக்கையைச் சொல்ல வேண்டிய இடத்தில் ‘இயற்கை’ என்ற சொல்லை வைத்து, நம்பாதவரையும் அதில் கட்டாதீர்கள். நடுவர் அவர்களே, அந்தச் சொல்லை ஒதுக்கிவைத்து எதிரணியின் வாதத்தை ஒருமுறை திரும்பக் கேட்டுவிட்டுத் தீர்ப்புச் சொல்லுங்கள். நன்றி.