தெலீலாளைப் பற்றி வேதம் சொல்வது

நேயர்களுக்கு வணக்கம். நம்பியவனை அழகால் மயக்கிக் காட்டிக்கொடுத்த பெண் என்றதும் வேதாகமம் படித்தவர்களுக்கு முதலில் வருகிற பெயர் தெலீலாள். ஆனால் நியாயாதிபதிகள் புத்தகத்தின் 16ஆம் அதிகாரத்தை ஒருமுறை நிதானமாக வாசித்துப் பாருங்கள். அவள் அழகி என்று அதில் ஒரு வார்த்தை கிடையாது. அதிகாரத்தின் முதல் வசனத்தில் காசா ஊர்ப் பெண் ஒருத்தியை வேசி என்று சொல்கிற ஆசிரியர், தெலீலாளை அப்படிச் சொல்லவில்லை. இஸ்ரவேலின் எதிரிகளான பெலிஸ்தியரைச் சேர்ந்த பெண் என்றுகூடச் சொல்லவில்லை. சோரேக் ஆற்றங்கரையில் இருந்தாள், பெலிஸ்தரை எதிர்த்த இஸ்ரவேலின் பலசாலி சிம்சோன் அவளை நேசித்தான், அவ்வளவுதான்.

அங்கே இருப்பது பணம். சிம்சோனின் பலத்தின் ரகசியத்தை அறிந்து சொன்னால் பெலிஸ்தரின் அதிபதிகள் அவளுக்கு ஆளுக்கு 1100 வெள்ளிக்காசு தருவதாகச் சொல்கிறார்கள். அடுத்த அதிகாரத்தில் ஒரு வீட்டில் ஆசாரியனாக இருக்க லேவியன் ஒருவனுக்குப் பேசுகிற சம்பளம் வருஷத்துக்கு 10 வெள்ளிக்காசு, அதோடு உடுப்பும் சாப்பாடும். அப்படியென்றால் ஒரே ஓர் அதிபதியின் பங்கு மட்டுமே அந்த லேவியனின் 110 வருஷச் சம்பளம்! உன்னை எதனால் கட்டி அடக்கலாம் என்று அவள் அவனிடமே நேராகக் கேட்கிறாள். மூன்று முறை பொய் சொல்லித் தப்பியவன், என்னை நேசிப்பதாக எப்படிச் சொல்கிறாய் என்று அவள் நாள்தோறும் நச்சரித்ததில் உயிரே வெறுத்துப்போய், தலைமுடியைச் சிரைத்தால் பலம் போய்விடும் என்ற உண்மையைச் சொல்லிவிடுகிறான். துரோகம்தான், நான் மறுக்கவில்லை. ஆனால் அந்த மயக்குகிற உடம்பை அவளுக்குக் கொடுத்தவர்கள் பின்னால் வந்தவர்கள். 1609-10 வாக்கில் ஓவியர் ரூபன்ஸ் வரைந்த சிம்சோன்-தெலீலாள் ஓவியம் லண்டன் தேசியக் கலைக்கூடத்தில் இருக்கிறது, அதில் தெலீலாள் மார்பு திறந்திருக்கிறாள், பின்னால் ஒரு கிழவி மெழுகுவர்த்தி பிடித்து நிற்கிறாள். அந்தக் கிழவி வேதத்தில் எங்கேயும் இல்லை.

சரி, அதே புத்தகத்தில் யாகேல் என்ன செய்தாள்? இஸ்ரவேலோடு போரிட்டுத் தோற்று ஓடிவந்த கானானியப் படைத்தலைவன் சிசெராவை, பயப்படாதேயும் என்று கூடாரத்துக்குள் அழைத்து, பால் கொடுத்து, போர்த்திவிட்டு, அவன் அயர்ந்து தூங்கும்போது நெற்றிப்பொட்டில் ஆணியை அடித்து இறக்கினாள். அதுவும் அவள் வீட்டுக்கும் சிசெராவின் ராஜாவுக்கும் சமாதானம் இருந்த காலத்தில். அவளைப் பெண்களுக்குள் ஆசீர்வதிக்கப்பட்டவள் என்று தீர்க்கதரிசி தெபோராள் பாடுகிறாள். செய்தது இஸ்ரவேலுக்காக என்பதால் அவள் வீராங்கனை.

எனக்கு இவர்களைவிட மனசு ஆறாதது சிம்சோன் முன்பு மணந்த, திம்னாத் ஊர்ப் பெலிஸ்தியப் பெண்ணை நினைத்துத்தான். சிம்சோனுடைய விடுகதைக்கு விடை வாங்கித் தராவிட்டால் உன்னையும் உன் தகப்பன் வீட்டையும் கொளுத்துவோம் என்று அவளுடைய ஊர்க்காரர்களே மிரட்டினார்கள். அவள் அழுது அழுது வாங்கிக் கொடுத்தாள். கடைசியில் பெலிஸ்தர் அவளையும் அவள் தகப்பனையும் கொளுத்தியே போட்டார்கள். அவளை வஞ்சகி என்று பிரசங்கிக்கிறவர்கள், தயவுசெய்து அந்த மிரட்டல் வசனத்தையும் சேர்த்து வாசியுங்கள்.