மாணவரை வெளிநாட்டுக்கு அழைத்துப் போகும் ஆசிரியருக்கு

அடுத்த கேள்வி யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்து இளம் விரிவுரையாளர் ஒருவருடையது. வரலாறும் தமிழும் படிக்கும் மாணவர் பன்னிரண்டு பேரை இரண்டு கிழமைக்குத் தமிழ்நாட்டுக்கு அழைத்துப் போகிறாராம். "சென்னை, மாமல்லபுரம், புதுச்சேரி, சிதம்பரம், தஞ்சாவூர், மதுரை, கீழடி என்று நிரல் போட்டிருக்கிறோம். வேறு எதைச் சேர்க்கலாம்?" என்று கேட்கிறார்.

எதையும் சேர்க்க வேண்டாம், குறையுங்கள். இரண்டு கிழமைக்குள் ஏழு ஊர் என்றால் பிள்ளைகள் பஸ்ஸில் தூங்குவதும் பெட்டி கட்டுவதுமாகவே நாள் போய்விடும். இரண்டு ஊர் போதும். கீழடியை விட மனம் வராவிட்டால் புதுச்சேரியோடு மதுரையில் தங்குங்கள், மற்றவற்றை விட்டுவிடுங்கள்.

எங்கள் பிள்ளைகளுக்குத் தமிழ்நாட்டில் ஒரு தனிச் சிக்கல் இருக்கிறது. ஜப்பானுக்கோ ஜெர்மனிக்கோ போனால் விமான நிலையத்திலேயே எல்லாம் புதிதாக இருக்கும், கேள்வி தானாக வரும். தமிழ்நாட்டிலோ பேச்சு விளங்குகிறது, கோயில் பழகிய கோயிலாகத் தெரிகிறது. எல்லாம் தெரிந்ததுதானே என்று பார்ப்பதை நிறுத்திவிடுவார்கள். அந்த நினைப்பைக் கலைப்பதுதான் கூட்டிப் போகிறவருடைய முதல் வேலை.

புதுச்சேரியை எடுத்துக்கொள்ளுங்கள். 1955இல் தொடங்கிய பிரெஞ்சு ஆய்வு நிறுவனம் அங்கே இருக்கிறது. அந்த நகரத்தில் உள்ள ஏறத்தாழ 11,000 சைவச் சுவடிகளை யுனெஸ்கோ 2005இல் உலக நினைவுப் பதிவேட்டில் சேர்த்தது. ஒரு மணி நேரம் எட்டிப் பார்த்தால், ஓலை கண்டோம் என்பதோடு முடிந்துவிடும். முன்கூட்டியே எழுதி அனுமதி கேளுங்கள், நான்கைந்து நாள் அங்கேயே தங்குங்கள். பூச்சி அரிக்காமல் ஓலைக்கு எலுமிச்சைப்புல் எண்ணெய் தடவுவதையும், எழுத்தாணி கீறிய வரியில் கரி பூசித் துடைத்தவுடன் எழுத்து கறுத்து எழுந்து வருவதையும் பக்கத்தில் நின்று பார்க்க முடியுமா என்று கேளுங்கள். பல சுவடிகள், சமஸ்கிருதம் எழுதப் பயன்பட்ட கிரந்த எழுத்தில் இருப்பதால் எங்கள் பிள்ளைகளுக்கு ஒரு வரிகூட வாசிக்க வராது. நல்லது, அப்போதுதான் உண்மையில் கேட்கத் தொடங்குவார்கள்.

ஆனால் இதற்கான வேலை யாழ்ப்பாணத்திலேயே தொடங்க வேண்டும். சிறுப்பிட்டியில் பிறந்த சி. வை. தாமோதரம்பிள்ளை சுவடிகளை ஒப்பிட்டுக் கலித்தொகையை 1887இல் அச்சில் கொண்டுவந்த வரலாற்றை முதலில் படிக்கட்டும். பிறகு பொது நூலகத்துக்கு அனுப்புங்கள். 1981இல் அங்கே சுமார் 97,000 நூல்களோடு ஓலைச் சுவடிகளும் எரிந்தன. அதை அறிந்த பிள்ளை புதுச்சேரியில் ஓலையைத் தொடும்போது வெறும் சுற்றுலாக்காரராக நிற்க முடியாது. ஒவ்வொருவரும் தன் சொந்தக் கேள்வி ஒன்றை எழுதித் தந்த பிறகுதான் டிக்கெட் எடுங்கள். ஐரோப்பாவின் மாணவர் பரிமாற்றத் திட்டமான எராஸ்மஸ் பிளஸில் 5 முதல் 30 நாள் வரையான குறுகிய பயணங்களோடு இணையவழிப் படிப்பும் கட்டாயமாகச் சேர்ந்தே வரும். காலம் குறுகினால் பயணத்துக்கு வெளியேயும் படிப்பு வேண்டும் என்பதை அவர்கள் விதியாகவே வைத்திருக்கிறார்கள்.

இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு அரை மணி நேரம் எல்லோரையும் இருத்தி, "இன்று நீ நினைத்ததற்கு மாறாக இருந்தது எது?" என்று மட்டும் கேளுங்கள். முதல் இரண்டு நாள் பேசத் தயங்குவார்கள். நீங்கள் விரிவுரை செய்து அந்த மௌனத்தை நிரப்பிவிடாதீர்கள், பொறுத்திருங்கள்.

மற்ற ஒழுங்குகளைச் சுருக்கமாகச் சொல்கிறேன். கடவுச்சீட்டு ஆறு மாதத்துக்காவது செல்லுபடியாக வேண்டும், மருத்துவக் காப்புறுதி எல்லோருக்கும் வேண்டும். பெண் பிள்ளைகள் போனால் பெண் விரிவுரையாளர் ஒருவர் கட்டாயம் கூட வர வேண்டும். பெற்றோரை முன்பே அழைத்துச் செலவு முழுவதையும் ஒளிக்காமல் சொல்லுங்கள், கட்ட முடியாத பிள்ளைக்குப் பீடம் என்ன செய்யும் என்பதையும் அதற்கு முன்பே முடிவு செய்துவிடுங்கள். பணமில்லை என்பதால் கெட்டிக்காரப் பிள்ளை ஒன்று பெயர் கொடுக்காமலே ஒதுங்குவது எனக்குத் தாங்க முடியாதது. காங்கேசன்துறை நாகபட்டினம் கப்பல் 2023இல் ஓடத் தொடங்கியது நல்ல வசதிதான். ஆனால் மாரிக் கடல் கொந்தளிக்கும் மாதங்களில் அதை நம்பி நாள் குறிக்காதீர்கள், பலாலியிலிருந்து விமானத்தில் போங்கள்.

புள்ளி போடுவதாக இருந்தால், போய் வந்ததற்குப் போட வேண்டாம். புறப்படுமுன் எழுதித் தந்த கேள்வி அங்கே எப்படி மாறியது, அதற்காக யாரிடம் போய்ப் பேசினார்கள் என்று எழுதச் சொல்லுங்கள், அதற்குப் போடுங்கள்.